பணியில் இருந்துகொண்டே, கண் மருத்துவ முதுநிலைப் படிப்பான டி.என்.பி.யின் எழுத்துத் தேர்வுக்குத் தயாராக முடியுமா?

முடியும். ஆனால் முழுவதும் படித்த பிறகு எழுதிப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் முறை நான் தோற்றது அதனால்தான். நான்கு தாள்கள், தாளுக்கு 3 மணி நேரம், 10 கேள்விகள். ஒரு கேள்விக்குக் கிடைப்பது 18 நிமிடம். கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் எனக்குப் பிடித்த பாடம் என்பதால் அதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் எழுதினேன். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே நேரமில்லை. 400-க்கு 200 வாங்கவேண்டிய தேர்வில் தெரிந்த விடைக்கான 20 மதிப்பெண் அப்படியே போனது.

இரண்டாம் முறை, நாகர்கோவிலில் பணியிலிருந்தபோது, அன்றன்று பார்த்த நோயாளியையே இரவில் கேள்வியாக்கினேன். கும்பப்பூ நெல் அறுவடைக் காலம். பூதப்பாண்டிப் பக்கமிருந்து ஒரு முதியவர் வந்தார். கண்ணில் உமி விழுந்து எட்டு நாள்.

"என்ன மருந்து விட்டீர்கள் பாட்டா?"

"முதலில் தாய்ப்பால் விட்டோம் மக்களே. பிறகு கடையில் தந்த சொட்டு மருந்து."

அது ஸ்டீராய்டு. பூஞ்சை தொற்றிய கண்ணுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தால் கருவிழியில் இறகுபோல ஓரம் பிரிந்த வெண்புண், சுற்றிலும் சின்னச்சின்னப் புள்ளிகள், அடியில் சீழ். சுரண்டி எடுத்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டதும் பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரிந்தன. பூஞ்சைக்கான சொட்டு மருந்தான 5 சதவீத நேட்டமைசினை மணிக்கொரு முறை விடச் சொன்னோம்.

அன்றிரவு கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். முதலில் படம், சீழுக்கு மஞ்சள், ரத்தக்குழாய்க்குச் சிவப்பு. ஏன் இன்னொரு பூஞ்சை மருந்தான வொரிகோனசோல் இல்லை என்பதற்கு, இரண்டையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியான மட் (MUTT) ஆய்வு இரண்டே வரியில்: இழைப் பூஞ்சைக்கு, குறிப்பாக ஃபியூசேரியம் என்ற வகைக்கு, நேட்டமைசினே மேல். அந்த ஆய்வு அரவிந்த் மருத்துவமனைகளில், நம் ஊர் நோயாளிகளிடம் நடந்தது என்பதால் மறக்கவே இல்லை. குளச்சல் மீனவர் ஒருவரின் கண்ணில் வளர்ந்திருந்த சதையும் இப்படித்தான் ஒரு விடையானது: வெயில், மறுபடி வளர்தல், அதைத் தடுக்கத் தன் கண்ணின் வெண்படலத்தையே எடுத்து ஒட்டுதல்.

எழுதியதை மூத்த மருத்துவர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். கண்குழிக் கட்டி, அரிய மரபுவழி நோய்கள் போன்றவை நம் புறநோயாளிப் பிரிவுக்கு அடிக்கடி வராது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.