கேமராவில் பேட்டரியை விட்டு வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு கேமரா இருக்கின்றன. ஒன்று 2 பென்சில் செல் போடும் பழைய சின்ன கேமரா. மற்றது லித்தியம் பேட்டரியோடு வந்த, லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் கேமரா. ஊருக்குப் போகும்போதும் கணபதி விழாவுக்கும்தான் வெளியே எடுக்கிறோம். நடுவில் மூன்று நான்கு மாதம் அலமாரியில் கிடக்கும். கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொல்கிறார். என் தம்பியோ, கழற்றினால் தேதி, செட்டிங் எல்லாம் போய்விடும், உள்ளேயே இருக்கட்டும் என்கிறான். யார் சொல்வது சரி?
— வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: மூன்று நான்கு மாதம் என்றால் கடைக்காரர் சொல்வதுதான் சரி, இரண்டு கேமராவுக்குமே. ஆனால் காரணம் வேறு, அவசரமும் வேறு.

சின்ன கேமராவை இன்றே திறந்து பாருங்கள். உள்ளே ஆல்கலைன் செல் இருந்தால் அதுதான் ஆபத்து. சுவிட்சை அணைத்த பிறகும் கேமரா கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் ஓட வேண்டும், சுவிட்சை அழுத்தினால் விழித்துக்கொள்ளவும் வேண்டும். ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசல். செல் தீரத் தீர, உள்ளே இருக்கும் துத்தநாகம் அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அழுத்தம் ஏறி, சீல் விட்டு, கரைசல் வெளியே வரும். வந்தது காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து காய்வதுதான் ஸ்பிரிங்கில் படியும் அந்த வெள்ளைப் பொடி. இரண்டு செல்லில் ஒன்று முந்தித் தீர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். தெம்புள்ள செல், தீர்ந்த செல்லின் வழியாகவும் மின்சாரத்தை ஓட்டும். அதன் துருவம் மாறி, வாயு வேகமாகக் கிளம்பும். பழைய செல்லையும் புது செல்லையும் கலந்து போடக்கூடாது என்பது இதனால்தான்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கேமரா அதிக மின்சாரம் கேட்கும் சாதனம். ஆல்கலைன் செல்லில் கணிசமாக மிச்சம் இருக்கும்போதே வோல்ட் இறங்கிப்போய், பேட்டரி தீர்ந்ததாகத் திரையில் காட்டிவிடும். ‘அடுத்த முறை புது செல் போட்டுக்கொள்ளலாம்’ என்று அப்படியே மூடி வைத்துவிடுகிறோம். பின்னால் கசிவது பெரும்பாலும் இந்த அரைகுறை செல்தான். தீர்ந்ததாகக் காட்டியவுடன், படம் எடுத்த இடத்திலேயே கழற்றிவிடுங்கள்.

இந்தக் கேமராவுக்கு இனி ஆல்கலைனே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நான்கும், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்துச் சார்ஜ் செய்யும் சார்ஜர் ஒன்றும் வாங்குங்கள். 2,000 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) அளவில், சும்மா வைத்தால் சார்ஜ் மெதுவாகவே இறங்கும் ரகம் உங்களுக்குப் பொருந்தும். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் இந்த வகைதான். இப்போது பானசோனிக் பெயரில் வருகிறது. உறையில் ‘ரெடி டு யூஸ்’ என்றோ ‘ப்ரீ-சார்ஜ்டு’ என்றோ இருக்கும். 2,500-க்கு மேல் எண் போட்ட சாதாரண ரகம் பார்க்கப் பெரிதாகத் தெரியும். அலமாரியில் சில மாதம் கிடந்தால் கணிசமான சார்ஜ் தானாகவே போய்விடும். ஆண்டுக்கு நான்கைந்து முறை கேமரா எடுப்பவருக்கு அது உதவாது. மெனுவில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் மாற்றிவிடுங்கள். இந்த செல்லுக்கு 1.2 வோல்ட்தான், ஆல்கலைனுக்கு 1.5. மாற்றாவிட்டால் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே தீர்ந்ததாகக் காட்டலாம். இந்த செல் கசிவது அரிது என்றாலும் இரண்டு வாரத்துக்கு மேல் கேமராவைத் தொடமாட்டீர்கள் என்றால் இதையும் கழற்றுங்கள். ஒரேயடியாக வற்றவிட்டால் இதுவும் கெடும்.

மிரர்லெஸ் விஷயத்தில் பதற்றம் தேவையில்லை. லித்தியம் அயான் பேட்டரி அப்படிக் கசியாது. ஒரு வாரம், இரண்டு வாரம் உள்ளேயே இருந்தால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் விட்டால்தான் கேமரா இழுக்கும் துளி மின்சாரம் சேர்ந்து பேட்டரியை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். மிகவும் இறங்கிய பேட்டரியைச் சார்ஜர் ஏற்றுக்கொள்ளாமல் விளக்கை மட்டும் சிமிட்டும். கழற்றும்போது முழுச் சார்ஜில் வைக்காதீர்கள். முழுச் சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் குறையும். 40 முதல் 60 சதவீதம் போதும். பிளாஸ்டிக் மூடியைப் போட்டு வையுங்கள். மூடி தொலைந்திருந்தால் உலோக முனைகளின் மேல் டேப் ஒட்டுங்கள். பைக்குள் சாவியோ சில்லறையோ முனைகளைத் தொட்டால் ஷார்ட் ஆகி சூடேறும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் பாதி வரை ஏற்றுங்கள். பயணத்துக்கு முந்தின நாள் முழுச் சார்ஜ்.

தம்பியின் கவலைக்கு வருவோம். செட்டிங்குகள் பெரும்பாலும் அழியாத நினைவகத்தில் இருப்பதால் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. தேதிக்கு மட்டும் கேமராவுக்குள் தனியாக ஒரு குட்டி பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியிலிருந்து அதுவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். மாடலைப் பொறுத்து சில நாள் முதல் சுமார் 3 மாதம் வரை தாங்கும். அதற்குமேல் போனால் கேமராவைப் போட்டவுடன் தேதி கேட்கும், அவ்வளவுதான். சில பழைய கேமராக்களில் இதற்கு சிஆர்2016 அல்லது சிஆர்1220 என்ற பொத்தான் செல் இருக்கும். பென்சில் செல்லைக் கழற்றாமலே ஒவ்வொரு தடவையும் தேதி மறந்தால் மாற்ற வேண்டியது அதைத்தான்.

வைக்கும் இடமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றின் ஈரம் பேட்டரி முனையிலும் பச்சை பிடிக்க வைக்கும், லென்ஸிலும் பூஞ்சை பிடிக்க வைக்கும். இறுக மூடும் டப்பா, அதில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் ஜெல்லைக் காயவைத்து மறுபடி போடுவது, இதுவே போதும். பரணும் காரின் டேஷ்போர்டும் கூடாது. ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள், வெளியே எடுத்தவுடன் வியர்த்து நீர் கோக்கும்.

கேள்வி: செல் கசிந்து ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாக இருக்கிறது. கேமரா உயிர் பெறுமா?
— வாசகர், செம்பூர்

பதில்: கசிவு பேட்டரி அறையைத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த டூத் பிரஷ்ஷால் பொடியைக் கீழே தட்டுங்கள். நிமிர்த்திச் சுரண்டினால் பொடி உள்ளே போகும். பிறகு காது பட்ஸில் வெள்ளை வினிகரைத் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் ஒற்றுங்கள். நுரைத்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நுரை நின்றதும் தண்ணீர் தொட்ட பட்ஸ் ஒரு முறை, அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அது கிடைக்கும். மூடியைத் திறந்தபடியே ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பச்சை மிச்சமிருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள்.

உள்ளே இருந்தது ரிமோட்டுக்குப் போடும் மலிவான ‘ஹெவி டியூட்டி’ செல் என்றால் அது காரம் இல்லை, வினிகர் பயன்படாது. தண்ணீரும் ஆல்கஹாலும் போதும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: திருகைக் கழற்றி கேமராவைப் பிரிக்க வேண்டாம். ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டரில் பேட்டரியை எடுத்த பிறகும் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும். ஸ்பிரிங் இற்றுப்போயிருந்தால் சர்வீஸ் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் செலவை எழுதி வாங்குங்கள். செல் கசிவு கேமரா வாரண்டியில் பொதுவாகச் சேராது.

கேள்வி: உபரி பேட்டரி வாங்க வேண்டும். அசல் விலை அதிகம். ஃபோர்ட் பகுதிக் கடைகளில் வேறு கம்பெனி பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், முலுண்ட்

பதில்: வாங்கலாம், லேபிளைப் படித்துவிட்டு. லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவு உண்டு. ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று அங்கேயே தெரியும். எம்ஏஎச் கணக்கையும் பாருங்கள். சோனியின் என்பி-எஃப்டபிள்யூ50 அசல் 1,020 எம்ஏஎச். அதே அளவு உறையில் 2,000 என்று அச்சிட்டிருந்தால் அந்த எண் பொய். மற்ற எண்களையும் நம்ப முடியாது. ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பிறகு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்ல அந்த பில்தான் கைகொடுக்கும்.

வேறு கம்பெனி பேட்டரியை மாதக்கணக்கில் கேமராவுக்குள் விடவே கூடாது. லேசாக உப்பினாலும் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். இடுக்கி போட்டு இழுத்தால் உறை கிழிந்து தீப்பிடிக்கலாம். கேமராவோடு சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போங்கள். உப்பிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல், 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கிறபடி தனியாகச் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

கேள்வி: சென்னைக்கு விமானத்தில் போகிறேன். உபரி பேட்டரியைப் பெட்டியில் போடலாமா?
— வாசகி, தாராவி

பதில்: கூடாது, கைப்பையில்தான். பேட்டரியில் அடங்கும் மின் ஆற்றலை வாட் ஹவரில் அளப்பார்கள். உதாரணமாக, 7.2 வோல்ட், 2,280 எம்ஏஎச் பேட்டரி சுமார் 16 வாட் ஹவர்தான். 100 வாட் ஹவர் வரை தனி அனுமதி வேண்டியதில்லை. முனைகளில் டேப் ஒட்டியோ, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டோ கொண்டுபோங்கள்.