சுண்டும் குக்கர் கப்பும்

அன்புள்ள அக்கா,

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஆறு மாதம். இப்போது நுவரெலியாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன், அவருக்குக் கந்தோர் வேலை. பகல் சாப்பாடு இரண்டு பேருக்கும் வெளியே, இரவுக்கு மட்டும்தான் சோறு சமைக்கிறேன். "ரெண்டு பேருக்கு ஒரு சுண்டு போடு" என்று அம்மா சொன்னபடி பால் டின்னால் ஒரு சுண்டு அரிசி போட்டு, ரைஸ் குக்கருக்குள் 1 என்று போட்டிருக்கும் கோடு வரை தண்ணீர் விடுகிறேன். தினமும் சோறு மிஞ்சுகிறது. அதுவும் அரைவேக்காடாக. அம்மாவிடம் சொன்னால் அரிசி சரியில்லை என்கிறார். நாட்டரிசி, சம்பா இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், அதே கதைதான். இதையெல்லாம் எழுதிக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

வெட்கப்பட என்ன இருக்கிறது? கல்யாணமான புதிதில் நான் வைத்த சோற்றைப் பற்றி என் மாமியார் பத்து வருடம் பேசினார்.

அரிசியைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் குசினியில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. அரிசியை ஒன்றாலும் தண்ணீரை மற்றதாலும் அளக்கிறீர்கள்.

நம் வீடுகளில் சுண்டு என்றால் 397 கிராம் டின்பால் வந்த தகரம். அதில் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் பிடிக்கும். தலைவழித்து அரிசி அளந்தால் 250 கிராமுக்குக் கிட்ட வரும். குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லிலீற்றர்தான். அது ஜப்பான்காரர்களின் பழைய அரிசி அளவு, 'கோ' என்பார்கள். 150 கிராம் அரிசி பிடிக்கும். குக்கர் பாத்திரத்துக்குள் இருக்கும் கோடுகள் எல்லாம் அந்தக் கப்புக்குப் போட்டவை. அதுவும் அவர்கள் ஊர் அரிசியை நினைத்துப் போட்டவை, நம் புழுங்கல் நாட்டரிசிக்கு அந்தத் தண்ணீர் எப்படியும் பற்றாது. நீங்கள் ஒன்றரைக் கப்புக்கும் மேலே அரிசியைப் போட்டுவிட்டு ஒரு கப்புக்கான தண்ணீரை விட்டிருக்கிறீர்கள். சோறு வெந்ததே பெரிய விஷயம்.

சுண்டு லேசுப்பட்ட அளவு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு சுண்டு ஒரு கொத்து, கொத்து அரிசி 2 இறாத்தல், அதாவது 2 பவுண்டு. 1953இல் அரசாங்கம் பங்கீட்டில் கொடுத்த கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியதால்தான் ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதத்தில் பதவியை விட்டார். அந்தக் கொத்தில் கால்வாசி உங்கள் கையில் இருக்கிறது.

ஆனால் சுண்டு என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. எங்கள் லயத்துக் காம்பராவில் அரிசி டின்னுக்குள் கிடந்த சுண்டு ஒருநாள் இஸ்தோப்புக் கல்லில், அதுதான் முன் திண்ணையில், விழுந்து ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அம்மா வழக்கம்போல மூன்று சுண்டு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் போல எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற ஆளுக்குச் சோறு பற்றாமல் போனது. கடைசியாகச் சாப்பிடுகிற ஆள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா புது டின் கொண்டுவந்த அன்றைக்குச் சோறு மிஞ்சிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

சரி, அம்மா சொன்ன கணக்கு. ரெண்டு பேருக்கு ஒரு சுண்டு என்பது காலையில் தோட்டத்தில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் கொழுந்து பறித்துவிட்டு வருகிற இரண்டு பேருக்கு. காலையில் ரொட்டியும் சம்பலும், மிச்சப் பசி எல்லாம் சோற்றுக்கு. அப்புறம் 1974 பஞ்சத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறைக்கு அளவைக் குறைக்கக் கை வராது. என் அம்மா அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார், ஆனால் அளக்கும்போது குறைத்து அளக்கவே மாட்டார். நாற்காலியிலும் கரும்பலகை முன்னாலும் நாளைக் கழிக்கிற உங்கள் இருவருக்கும் இரவில் குக்கர் கப்பால் ஒரு கப் போதும். அரிசி வெந்தால் எடையில் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகும், 400 கிராம் சோறு வரும். மூன்று நாள் அப்படிச் சமையுங்கள். சட்டியில் மிஞ்சினால் ஒரு பிடி குறையுங்கள், கறி மிஞ்சிச் சோறு பற்றாவிட்டால் ஒரு பிடி கூட்டுங்கள்.

தண்ணீர்தான் கொஞ்சம் சிக்கல். உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் உங்கள் வீட்டில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. அதனால் அரிசி மெதுவாக வேகும், அதற்குள் தண்ணீர் ஆவியாகிக் குறையும். யூடியூபில் சென்னைக்காரர் சொல்கிற கணக்கு அங்கே பலிக்காததற்கு இதுதான் காரணம். நம் அம்மாமாருக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. பானை நிறையத் தண்ணீர் வைத்து, வெந்ததும் கஞ்சி வடித்துவிடுவார்கள். அரிசிக்குத்தான் அளவு, தண்ணீருக்கு இல்லை.

நாட்டரிசி என்றால் கழுவி அரை மணித்தியாலம் ஊற விடுங்கள். ஒரு கப்புக்கு இரண்டரைக் கப் தண்ணீர், கோட்டைப் பார்க்கவே வேண்டாம். சுவிட்ச் மேலே வந்ததும் மூடியைத் திறக்காமல் கால் மணித்தியாலம் விட்டுவிடுங்கள். மிச்ச வேக்காடு அதில்தான் நடக்கும். பச்சையரிசிக்கு இரண்டு கப்பில் தொடங்கிப் பாருங்கள். விருந்தாளிகள் வந்து நாலு கப் போடும் நாளில் பத்துக் கப் தண்ணீர் விட்டுவிடாதீர்கள், குழைந்துவிடும். அரிசி குடிக்கிற தண்ணீர் அரிசியோடு சேர்ந்து கூடும், ஆவியாகப் போகிற தண்ணீர் அந்த அளவுக்குக் கூடாது. அரிசிக்கு மேலே விரலின் முதல் கணு வரை தண்ணீர் என்று கிழவிகள் அளப்பது இதனால்தான் ஓரளவு சரியாக வருகிறது. வாயகன்ற சட்டியில் மட்டும் விரலை நம்பாதீர்கள்.

மிஞ்சிய சோற்றை, குளிர் ஊர்தானே என்று இரவு முழுக்க வெளியே வைக்க வேண்டாம். ஆறியதும் பிரிட்ஜில் வையுங்கள்.

பால் டின்னை எறிந்துவிடாதீர்கள். அம்மா வந்து தங்குகிற நாட்களில் அவருக்கு மட்டும் தனியாக அரைச் சுண்டு சேர்த்துப் போடுங்கள். கப்பை எடுத்தால் மகள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
அக்கா