லிஸென்செஃபலிக்கு எந்த டாக்டரைத் தேடுவது?

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம். இன்னும் தலை நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘லிஸென்செஃபலி’ என்று இருக்கிறது. வெளிமாநிலத்தில் இதற்கென்றே ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார், ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி போட்டால் சரியாகும் என்று ஒருவர் போனில் சொல்கிறார். போகலாமா? - ஒரு தாய், அருப்புக்கோட்டை

பதில்: போகாதீர்கள். போனில் பேசும் இந்த ‘கோஆர்டினேட்டர்’கள் டாக்டர்கள் அல்ல, ஆள் அனுப்பிக் கமிஷன் வாங்குபவர்கள். லிஸென்செஃபலி என்றால் இதுதான்: கருவில் நரம்பணுக்கள் தங்கள் இடத்துக்கு நகராமல் நின்றுவிட்டதால் மூளையில் மடிப்புகள் உருவாகவில்லை. பிறந்த பிறகு எந்த ஊசியும் அதை உண்டாக்காது. ரத்தம் சார்ந்த சில நோய்கள் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிலைப்பாடு. ‘இது ஆராய்ச்சி’ என்பார்கள். ஆராய்ச்சி என்றால் உங்களிடம் காசு வாங்கக் கூடாதே? அப்படியிருந்தும் பேக்கேஜ் போட்டுப் பகிரங்கமாக விற்கிறார்கள், கேட்க நாதியில்லை.

இந்த ஒரு நோய்க்கென்று தனி டாக்டர் தேவையில்லை. குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் போதும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் மூன்றிலும் இருக்கிறார்கள். பயணத்துக்கு நாளாகும் என்றால் முதலில் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் காட்டுங்கள்.

குழந்தை தூங்கி எழுந்ததும் திடுக் திடுக்கென்று கைகளை விரித்து, தலையைக் குனிந்து, அதையே வரிசையாகச் செய்கிறானா? செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். ‘வயிற்றுவலி, உரம் விழுந்திருக்கு’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற வலிப்பாக இருக்கலாம். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்து, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசியோ, ஸ்டீராய்டோ, விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்தோ சீக்கிரம் தொடங்க வேண்டும்.

ஆபரேஷன்? இந்த நோயைச் சரிசெய்ய அப்படி ஒன்று கிடையாது. நீங்கள் குழம்பக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். மூளையின் ஒரு பாதி மட்டும் கோளாறாக வளர்ந்து பெருத்திருப்பது ஹெமிமெகலென்செஃபலி. அது வேறு நோய். அதில் வலிப்பு மருந்துக்கு அடங்காவிட்டால் அந்தப் பாதியின் இணைப்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனை போன்ற இடங்களில் செய்கிறார்கள், பலனும் இருக்கிறது. அப்படித் தேறிய குழந்தையின் வீடியோவைக் காட்டித்தான் உங்களைப் போன்றவர்களை மடக்குவார்கள். பாதிப்பு ஒரு பக்கமா, இரு பக்கமா என்று நரம்பியல் மருத்துவரே படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அதனால் ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, எம்.ஆர்.ஐ. படங்களைப் பதிந்த சி.டி. தட்டை ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்தது நீங்கள், கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்த குழந்தைக்கு யோசிப்பதற்கு முன் மரபணுப் பரிசோதனை அவசியம். பையன் என்பதால், எக்ஸ் குரோமோசோமில் உள்ள டி.சி.எக்ஸ். மரபணுவையும் பார்ப்பார்கள். அதில் உள்ள பழுது உங்களிடமிருந்து வந்திருந்தால் அடுத்த மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பிசியோதெரபிக்கும் பால் ஊட்டும் பயிற்சிக்கும் பெங்களூருக்கு ஓட வேண்டாம். உங்கள் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் இலவசம். தெரபிஸ்ட் லீவு, அடுத்த வாரம் வாங்க என்று அலைக்கழிப்பார்கள். எந்தத் தேதி என்று ஓ.பி. சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.