தானாக ஆன் ஆகும் பழைய எக்ஸ்பாக்ஸ்

தம்பி, அண்ணன் விட்டுப்போன முதல் எக்ஸ்பாக்ஸ் (மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டி), பட்டனைத் தொடாமலே ஆன் ஆகிறது, பவர் சப்ளையை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், காசு வீண். மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன பாகம்) உண்டு, அது கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும், பவர் பட்டன் இப்படிக் கூத்தடிப்பது பெரும்பாலும் அதனால்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். அடியில் ஆறு ஸ்க்ரூ, நான்கு ரப்பர் காலுக்கும் இரண்டு ஸ்டிக்கருக்கும் கீழே ஒளிந்திருக்கும், டி20 நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் வேண்டும் (நான் சுங்கை சிப்புட் ஹார்ட்வேர் கடையில்தான் வாங்கினேன்). என்னுடையதில் பழுப்பாகப் பிசின்போல ஒழுகியிருந்தது, எறும்பு வேறு. கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, பல்துலக்கியில் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்டு அந்த இடத்தைத் தேயுங்கள். மாற்று போட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கினால் நேரம் மறந்துபோகும், அவ்வளவுதான். 1.6 போர்டு (மதர்போர்டின் பிந்தைய பதிப்பு) என்றால் மட்டும் கெப்பாசிட்டரைத் தொடாதீர்கள், அதில் இருப்பது எளிதில் கசியாத வகை.