ஷாங்காய் பிஷப்பின் ஒரு விரல்

வணக்கம் ஐயா,

போன வாரக் கட்டுரையில், கை கால் விழுந்த பிறகு ஒரே விரலால் பைபிளைத் தட்டச்சு செய்த ஒரு பிஷப்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். யார் அவர்? எங்கள் அப்பா ஓய்வுபெற்ற குருவானவர். பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது, வலது கை இன்னும் சரியாகவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த எங்கள் சேகரத்தின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) வரலாறு பாதியில் நிற்கிறது. அவரிடம் இந்தக் கதையைச் சொல்லலாமா?

ஜெபா, பாளையங்கோட்டை

அன்புள்ள ஜெபா,

அவர் பெயர் சாமுவேல் ஐசக் ஜோசப் ஷெரெஷெவ்ஸ்கி. வாயில் நுழைய இரண்டு நாள் ஆகும். அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபையின் ஷாங்காய் பிஷப். (எபிஸ்கோப்போஸ் என்ற கிரேக்கச் சொல்லை நம் பழைய பைபிள் 'கண்காணி' என்று மொழிபெயர்த்திருக்கிறது, அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதைப் படித்தாலே தேயிலைத் தோட்டம்தான் கண்ணில் வருகிறது, என்ன செய்ய.)

1831இல் லித்துவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் சீக்கிரமே போய்விட்டார்கள். ரபி, அதாவது யூத மதகுரு, ஆவதற்காகப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எபிரேய மொழியில் ஒரு புதிய ஏற்பாடு கைக்கு வர, எல்லாம் திசை மாறிவிட்டது. 1854இல் அமெரிக்கா, 1859இல் சீனா. சீனத்தைக் கப்பலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார். பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) மற்ற மிஷனரிகளோடு சேர்ந்து புதிய ஏற்பாட்டு வேலை செய்தார், பழைய ஏற்பாட்டை மட்டும் எபிரேயத்திலிருந்து நேராக, தனியாளாகச் சீனப் பேச்சு மொழியான மாண்டரினுக்குக் கொண்டுவந்தார். அது 1870களிலேயே வெளியாகிவிட்டது. அப்போது அவருக்குக் கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விரல் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. கூட இருந்த மிஷனரிகள் எபிரேயத்தை இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்தவர்கள், இவருக்கு அது சிறுவயதில் காதில் விழுந்து ஊறிய வேதம்.

1875இல் பிஷப் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். மறுபடியும் வற்புறுத்தியதால் ஒத்துக்கொண்டு 1877இல் நியூயார்க்கில் அபிஷேகம் ஆனது. பிஷப்பாகச் செய்ததில் பெரிய காரியம் என்றால் 1879இல் ஷாங்காயில் ஆரம்பித்த செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. பின்னாளில் சீனாவின் பெரிய ராஜதந்திரியான வெலிங்டன் கூ அங்கே படித்தவர்தான். 1881 கோடையில் வூச்சாங்கில் வெயில் தாக்கிப் படுத்தார், அப்புறம் பக்கவாதம். ஜெனீவாவில் வைத்தியம் பார்த்தும் உடம்பு திரும்பவில்லை, பேச்சும் குழறியது. 1883இல் பதவியை விட்டுவிட்டார்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தங்கியிருந்தபோதுதான் அந்த விரல். இந்த முறை மாண்டரின் வேண்டாம், சீனா முழுக்கப் படித்தவர்கள் வாசிக்கும் பழைய எழுத்து நடையின் எளிய வடிவில் பைபிள் வேண்டும் என்று உட்கார்ந்தார். தூரிகை பிடிக்கக் கை வராது. அதனால் சீனத்தை ஒலிப்படி ரோமன் எழுத்தில் தட்டினார், நாம் வாட்ஸப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற மாதிரி. நமக்கு ல, ள, ழ குழப்பத்தோடு முடிந்துவிடும். அங்கே 'ஷி' என்று தட்டினால் அது பத்தா, கல்லா, நேரமா, சாப்பாடா? எல்லாமே ஷிதான். தொனியும் ஒன்றுதான். இப்படி சுமார் 2,000 பக்கம்! 1895இல் ஷாங்காய்க்குத் திரும்பி, அதைச் சீன எழுத்தர்களைக் கொண்டு சீன எழுத்துக்கு மாற்றினார். அச்சு வேலைக்காக 1897இல் டோக்கியோ போனார், 1902இல் முழு பைபிளும் வந்தது. 1906இல் அங்கேயே இறந்து, ஆவோயாமா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

இருபது வருஷத்துக்கு மேல் இந்த நாற்காலியில் இருக்கிறேன், முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு ஏற்ற வேலைக்காகத்தான் கடவுள் என்னை வைத்திருக்கிறார் என்ற பொருளில் அவர் கடைசிக் காலத்தில் சொன்னது பிரசங்கங்களில் அடிக்கடி வரும். நாற்காலியில் இருக்கிறவர் அதைச் சொல்லலாம் ஜெபா. பக்கத்தில் நிற்கிற நாம் எடுத்துச் சொன்னால் அது வேறு மாதிரி கேட்கும், அதுவும் நாலாவது மாதத்தில். உங்கள் அப்பாவே இதைப் போல எத்தனை நோயாளிகளின் வீட்டில் ஜெபம் பண்ணி ஆறுதல் சொல்லியிருப்பார், அந்த வார்த்தையெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அதனால் விரலை விட்டுவிட்டு அந்த 'ஷி' விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், சிரிப்பார். சரி, அடுத்த நாள் ஃபோனில் குரல் தட்டச்சைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, எழுதி நின்ற கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். 'சேகரம்' என்று அவர் சொன்னால் 'சேகர்' என்று விழும். உபதேசியார், பரிபாலனம் எல்லாம் என்னவாக விழுமோ தெரியாது. நானறிந்த குருவானவர் யாரும் தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை, பக்கத்தில் உட்கார்ந்து திருத்த நீங்கள் தயாராக இருங்கள்.