‘ஆலோசகர்’ என்று கையெழுத்து வாங்கிவிட்டால் சம்பளம் தர வேண்டாமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நீச்சல் பயிற்சி மையத்தில் இரண்டு வருடம் கோச்சாக இருந்தேன். மாதம் 18,000 ரூபாய். காலை 5.30 மணி பேட்சிலிருந்து மாலை பெண்கள் பேட்ச் வரை நான்தான். சம்மர் கேம்ப் முடிந்ததும் ‘இனி வர வேண்டாம்’ என்றார்கள். ஏப்ரல், மே மாதச் சம்பளம் வரவில்லை. கேட்டால், ‘நீங்கள் ஊழியரே இல்லை. ஆலோசகர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், 10 சதவீதம் டிடிஎஸ்ஸும் பிடித்திருக்கிறோம்’ என்கிறார் உரிமையாளர். என் என்ஐஎஸ் (தேசிய விளையாட்டு நிறுவனம்) பயிற்சியாளர் சான்றிதழின் அசலும் அவரிடம் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: காகிதத்தில் உங்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை மட்டும் பார்த்து எந்த அதிகாரியும் முடிவு செய்ய மாட்டார். நேரத்தைக் குறித்தது யார், லீவுக்கு யாரிடம் கேட்டீர்கள், குளமும் மிதவைப் பலகையும் யாருடையவை, பெற்றோர் ஃபீஸ் கட்டியது யாரிடம்? இவற்றைத்தான் பார்ப்பார்கள். துண்டுக் கணக்கில் கூலி வாங்கிய தையல்காரர்கள்கூடக் கடையின் ஊழியர்களே என்று சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-லேயே தீர்ப்பளித்துவிட்டது. தையல் இயந்திரங்கள் கடைக்காரருடையவை, தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் அதிகாரமும் அவருக்கே இருந்தது. உங்கள் நிலை அதைவிட வலுவானது, உங்களுக்கு மாதச் சம்பளமே இருந்திருக்கிறது. டிடிஎஸ் என்பது வரி பிடிக்கும் முறை. நீங்கள் ஊழியரா இல்லையா என்பதை அது தீர்மானிக்காது.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், கால அவகாசம் மூன்று ஆண்டுகள். சம்பளம் தரவில்லை என்று நீங்கள் மனுச் செய்தால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியவர் உரிமையாளர்தான். கோரும் தொகையைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் வழி உண்டு. ஆனால் அவ்வளவும் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

மீண்டும் வேலை வேண்டும் என்றால் கதை வேறு, அதற்கான சட்டம் ‘தொழிலாளி’க்குத்தான் பொருந்தும். பள்ளி ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்ற 1988-ஆம் ஆண்டு சுந்தராம்பாள் தீர்ப்பைக் காட்டி, கோச்சும் ஆசிரியர் மாதிரிதான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அது நீண்ட போராட்டம். சம்பளப் பாக்கிக்கு அந்தத் தடை கிடையாது, ஏனெனில் அங்கே ‘ஊழியர்’ என்ற விரிந்த சொல்லைத்தான் சட்டம் பயன்படுத்துகிறது. அதனால் முதலில் 36,000 ரூபாயைக் கேளுங்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பேட்ச் நேரம், அட்டெண்டன்ஸ், ‘நாளைக்கு சீக்கிரம் வந்து குளோரின் பாருங்க’ போன்ற உத்தரவுகள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து உங்களை எந்த நிமிடமும் நீக்கலாம். அந்த உரையாடல் முழுவதையும் தேதியோடு சேமியுங்கள், ஃபோனை மாற்றாதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ், மின்னணு ஆதாரத்துக்குச் சான்று கொடுக்க அந்தக் கருவி தேவைப்படும். வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வையுங்கள்.

சான்றிதழைப் பிடித்து வைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. ஏழு நாளில் திருப்பித் தரும்படி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

வழக்கறிஞர் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இடையில் ‘சான்றிதழ் தருகிறேன், கணக்கு முடிந்தது என்று எழுதிக் கொடுங்கள்’ என்று அவர் அழைத்தால், பணம் வங்கியில் ஏறும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.