கடைவீட்டு மாடியும் கடைசிக் காலமும்

பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி, எட்டு மாதத்துக்கு முன் மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் வந்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். இங்கே கணவர் வீட்டார் போகும் சபையில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் முழுக்க இரகசிய வருகை (கிறிஸ்து திடீரென்று வந்து தம் சபையை எடுத்துக்கொண்டு போவது), கடைசிக் காலத்தில் அவரை எதிர்த்து எழும் அந்திக்கிறிஸ்து, அவனுடைய 666 தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாயைத் திறந்து சொன்னால் இந்தச் சின்ன ஊரில் ஒதுக்கிவிடுவார்களா?"

ஒதுக்க மாட்டார்கள், தங்கச்சி. உங்கள் பெயரைச் சொல்லி உபவாச ஜெபம் வைப்பார்கள். ஒதுக்கினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றும்.

நான் நாசரேத்துக்காரி. 1999இல் இங்கே வந்தேன். நம் ஊர்க் கோயிலில் ஞாயிறுதோறும் "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று விசுவாசப் பிரமாணம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு சாப்பிடுவோம். எப்போது வருவார் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே கடைவீட்டு மாடியில் இருந்த சபையில் அது ஒன்றுதான் பேச்சு. 2001 செப்டம்பரில் மைகார்டு என்ற சிப் பதித்த அடையாள அட்டை வந்ததும் பாதிப் பேருக்குத் தூக்கம் போயிற்று. வலது கையிலோ நெற்றியிலோ அந்த 666 முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது என்று வெளிப்படுத்தின விசேஷம் 13இல் இருக்கிறதே! "இன்றைக்குக் கார்டு, நாளைக்குக் கை" என்றார் ஒரு பெரியவர். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணம் எடுக்கப் புதுக் கார்டு கேட்பார்கள் என்று யாரோ சொன்னதும் முதல் ஆளாக வரிசையில் நின்றவரும் அவர்தான்.

இது மலேசியாவில் முளைத்த சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கடைசிக் கால உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்பதை 1830களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர். 1909இல் வந்த ஸ்கோபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாக அது உலகம் சுற்றியது. டார்பியின் சகோதரக் கூட்டத்தை (பிரதரன் சபையை) சேர்ந்த மிஷனரி குரோவ்ஸ், 1833இலேயே இந்தியா வந்தவர். அவரோடு பழகிய அருளப்பன் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். 1860இல் அங்கே எழுந்த ஆவிக்குரிய எழுப்புதலில் முக்கியமானவர். பக்கத்துத் திருவிதாங்கூரில் 1881இல் கிறிஸ்து வருவார் என்று நாள் குறித்துக் காத்திருந்த கூட்டமும் உண்டு. ஆகவே "எங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாது" என்று மாமியாரிடம் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். நான் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

மாமியார் எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று ஒருநாள் சாவகாசமாகக் கேளுங்கள். என் மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அப்புறம் செம்பனையையும் வெட்டித் தாமான், அதாவது குடியிருப்பு, கட்டினார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. தாத்தா காலத்து வீடு, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், இரண்டு பிள்ளைகளைப் புதைத்த இடுகாடு, எல்லாம் அந்த ஒரு காகிதத்தோடு போயிற்று. மத்தேயு 24இல் "ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்" என்று வாசிக்கும்போதெல்லாம் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரியைச் சாமான்களோடு ஏற்றிக்கொண்டு போன லாரி ஞாபகம் வருமாம். அதற்குப் பிறகு அவரிடம் டார்பி, ஸ்கோபீல்ட் என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை.

நாள் குறிக்கிறவர்களிடம் மட்டும் வாதாடலாம். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது, அமைதியாக எடுத்துக் காட்டுங்கள். 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் சொன்னார். அன்று சனிக்கிழமை. எங்கள் வரிசை வீட்டு ஆண்ட்டி ஒருவர் வாரம் முழுக்க அழுதுகொண்டிருந்தார். அன்று மாலை பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குக் கெம்போங் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். 2025 செப்டம்பர் 23க்கும் வாட்ஸ்அப் நிரம்பி வழிந்தது. அந்த நாளும் போயிற்று.

"ஆண்டவர் வரப்போகிறார், உனக்கு வேலை எதற்கு, படிப்பு எதற்கு" என்றால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்படிச் சொல்கிறவர்கள் முப்பது வருட வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பார்கள். சிரித்துக்கொண்டே அதைக் கேளுங்கள், கோபப்பட மாட்டார்கள்.

இன்னொன்று முக்கியம். துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கூப்பிட்டால் மலாய்க்காரர்களிடம் நீட்டவே கூடாது. முஸ்லிம்களிடையே வேறு மதம் பரப்புவதை மாநிலங்கள் தடுக்கலாம் என்கிறது மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 11(4)ஆம் பிரிவு. நம் பேராக் மாநிலத்தில் 1988இலிருந்து அதற்குச் சட்டமே இருக்கிறது. இங்குள்ள கிறிஸ்தவப் பிரசுரங்களில் "முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்" என்று அச்சிடுவது இதனால்தான். விசாவில் இருக்கும் நீங்கள் இரட்டிப்புக் கவனமாக இருங்கள்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். போங்கள். சாட்சி சொல்லச் சொன்னால் 121ஆம் சங்கீதம் வாசித்துவிட்டு உட்காருங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. முடிந்ததும் பாத்திரம் கழுவும் பக்கம் நின்றுகொள்ளுங்கள். அங்கே 666 பேச மாட்டார்கள், எந்த டாக்டர் நல்லவர், எந்தக் கடையில் மரக்கறி மலிவு என்றுதான் பேச்சு ஓடும். டவுனில் ஆங்கிலிக்கன் ஆலயம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அங்கே போய்வர ஆசை என்று முதலில் கணவரிடம் சொல்லுங்கள். மாமியாரிடம் அவரே சொல்லட்டும்.